எஞ்சின் கெடாமல் இழுவை கூட்ட: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 2014 ஸ்விஃப்ட் டீசலுங்க. 1,10,000 கி.மீ. ஓடியிருக்குது. அஞ்சு பேரை ஏத்திக்கிட்டு திம்பம் மலை ஏறுனா ரெண்டாவது கியர்லயே திணறுது. ரீமேப் பண்ணி 75 குதிரைத்திறனை 95 ஆக்கித் தர்றேன்னு ஒரு பட்டறையில சொல்றாங்க. பண்ணலாமுங்களா?
- ஒரு வாசகர், பெருந்துறை

பதில்: பண்ணலாம், ஆனால் இப்போது வேண்டாம். ரீமேப் என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி எழுதுவது. இரண்டாவது கியரிலேயே திணறுகிறது என்றால், கம்பெனி கொடுத்த 75-ஏ முழுசாக வரவில்லை. அதைத் தேடிப் பிடிப்பதுதான் முதல் வேலை.

காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவிலிருந்து, அதைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களைப் பாருங்கள். கிளிப் பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கும் அதன்மேல் புழுதியும் அப்பியிருந்தால், அழுத்தக் காற்று அங்கேதான் கசிகிறது. ஹோஸின் அடிப்பக்க வெடிப்பு மேலிருந்து பார்த்தால் தெரியாது. விரலை விட்டுத் தடவ வேண்டும். அடுத்து டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். பிறகு புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கு அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். கடைசியாக, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் சோதனை: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயிலும் தனித்தனி பாட்டில் மாட்டி எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டால், எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிரம்புகிறதோ அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. இத்தனையும் சரிசெய்தபின் பாதிப் பேர் ரீமேப்பையே மறந்துவிடுகிறார்கள்.

மறக்க மனசில்லை என்றால், அடுத்து கிளட்ச். சமதளத்தில் நான்காவது கியரில் 1,800 ஆர்.பி.எம். வரும்போது ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். ஆர்.பி.எம். முள் சட்டென மேலே ஏறி, வண்டி வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பழைய பிளேட்டோடு ரீமேப் செய்தால் கொஞ்ச நாளிலேயே கிளட்ச் செட் மாற்றும் செலவு வந்து நிற்கும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் டைமிங் செயின் பக்கம் கடகடவென்று சத்தம் வந்தாலும் ரீமேப் கூடாது. இந்த 1.3 எஞ்சினில் ஆயில் குறைந்தாலோ பழசானாலோ செயின் தளரும். செயின் தாண்டினால் வால்வு வளைந்துவிடும்.

ரீமேப் போடும் இடத்தில் 95 கேட்காதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது சின்ன டர்போ. அதை எல்லைக்கு மேல் சுழற்றினால் காற்று சூடாகுமே ஒழிய, அளவு கூடாது. டீசல் மட்டும் கூடுதலாகப் போய்க் கரும்புகை கிளம்பும். எக்ஸாஸ்ட் சூடு ஏறி டர்போவையும் பிஸ்டனையும் தின்னும். 85-இலிருந்து 90 வரை போதும். டார்க், அதாவது எஞ்சினின் திருப்புவிசை, 190 என்.எம்.-இலிருந்து 220 அளவுக்கு வரட்டும். அதுவும் 2,000 ஆர்.பி.எம்.முக்குப் பிறகு மெல்ல ஏறும்படி எழுதச் சொல்லுங்கள். அதற்குக் கீழே திடீரென்று ஏற்றினால் முதல் அடி கிளட்சுக்கும் பேரிங்குக்கும்தான். உங்கள் வண்டியின் ஒரிஜினல் புரோகிராம் ஃபைலை ஒரு காப்பி வாங்கி வையுங்கள். மலையேற்றத்தில் ஓட்டி, கம்ப்யூட்டர் கேட்ட பூஸ்டும் (டர்போவின் காற்றழுத்தம்) கிடைத்த பூஸ்டும் எவ்வளவு என்று பதிவு எடுத்துக் காட்டாத பட்டறையில் காசு கொடுக்காதீர்கள். டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரை ஏமாற்றும் 'டியூனிங் பாக்ஸ்' வேண்டவே வேண்டாம்.

அதன்பிறகு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றுங்கள். மலை ஏறி உச்சிக்கு வந்ததும் சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். இல்லையென்றால் டர்போ தண்டில் நிற்கிற ஆயில் கருகும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் கிளெயிமில் தகராறு வரலாம். வண்டியில் மாற்றம் செய்வது பற்றிய மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவையும் ஒருமுறை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: ஆல்டோ பெட்ரோலுக்கு கோன் ஃபில்டரும் பெரிய சைலன்சரும் மாட்டினா பிக்கப் கூடுமுங்களா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: சத்தம் கூடும். டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினில் இவற்றால் கிடைப்பது காலுக்குத் தெரியாத அளவுதான். திறந்த கூம்பு வடிவக் கோன் ஃபில்டர் பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை உறிஞ்சும். உள்ளே போகும் காற்று 10 டிகிரி சூடானால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். சக்தியும் அதோடு குறையும். கம்பெனி ஏர் ஃபில்டர் டப்பா முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை எடுப்பதற்காகவே வைக்கப்பட்டது. உங்கள் ஊரில் இன்னொரு சங்கடம், கயிறு ஆலைகளின் நார்த் தூள். கண்ணி பெரிய ஃபில்டரைத் தாண்டி நுண் தூசு உள்ளே போனால் சிலிண்டர் சுவரும் ரிங்கும் தேயும். ஒரிஜினல் பேப்பர் ஃபில்டரைக் கம்பெனி சொன்ன கெடுவில் பாதிக்கே மாற்றுங்கள்.

கேள்வி: டர்போ பெட்ரோல் வண்டிக்கு ஸ்டேஜ் 1 (ரீமேப் மட்டும்) பண்ணியிருக்கேன். வெயில் காலத்துல ஏத்தத்துல 'டிக் டிக்'னு சத்தம் வருது.
- ஒரு வாசகர், சரவணம்பட்டி

பதில்: அது நாக், அதாவது சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகவே வெடிப்பது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், இன்றைக்கே. அதிக ஆக்டேனுக்கு (நாக்கைத் தாங்கும் அளவு) எழுதிய மேப்பில் அதைவிடக் குறைந்த ஆக்டேன் பெட்ரோல் போட்டால் இப்படித்தான். நாக் சென்சார் டைமிங்கைப் பின்தள்ளிக் காப்பாற்றப் பார்க்கும்; தொடர்ந்தால் பிஸ்டனின் ரிங் இடுக்குப் பாகம் உடையும். ஒன்று எப்போதும் மேப் கேட்கும் ஆக்டேன் பெட்ரோலையே போடுங்கள், இல்லை நீங்கள் போடும் பெட்ரோலுக்கு மேப்பை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ச்சியான வகைக்கு மாற்றி, இடைவெளி 0.6-0.7 மி.மீ. வையுங்கள்.

ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் அதையும் பாருங்கள். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் உள்ளே படிந்து, சூட்டை வெளியே விடாது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. சிறுவாணித் தண்ணீராக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: ஆழியாறு-வால்பாறை அடிக்கடி போறோமுங்க. ஸ்விஃப்ட்டுக்கு 30,000 ரூபாய்க்குள்ள என்ன பண்ணலாம்?
- ஒரு வாசகி, உடுமலை

பதில்: எஞ்சினைத் தொடாமல் டயரிலும் பிரேக்கிலும் போடுங்கள். 165/80 ஆர்14 டயர் இருந்தால் 185/70 ஆர்14 போடலாம். விட்டம் 5 மி.மீ.தான் குறையும், அதே வீல் போதும், ஸ்பீடோமீட்டரும் பெரிதாகப் பிசகாது. 16 அங்குல அலாய் போட்டால் எடை கூடி, இழுவைதான் குறையும். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டாட் 4 வகைக்கு மாற்றுங்கள். ஈரம் கலந்த பழைய ஆயில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கும்போது கொதித்துக் குமிழி கட்டும். பெடல் தரைக்குப் போய்விடும். இறக்கத்தில் இரண்டாவது கியர், கிளட்சை மிதித்து உருளவிடாதீர்கள். நல்ல பேடும் முன் ஷாக் அப்சார்பரும் போட்டால் மிச்சப் பணம் அதிலேயே தீரும்.

கேள்வி: செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் என் சாதா காரை ஓட்டிப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகர், சூலூர்

பதில்: 2.1 கி.மீ. டிராக். புது பிரேக் ஆயில், பாதிக்கு மேல் கனமுள்ள பேடு, டிப்ஸ்டிக்கில் மேல் கோடு வரை ஆயில். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் வறண்டுபோகும். அதற்குத்தான் மேல் கோடு. 3, 4 சுற்றுக்கு ஒருமுறை ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிடுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், சூட்டில் பேடு டிஸ்க்கோடோ, ஷூ டிரம்மோடோ ஒட்டிக்கொள்ளும்; கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.