ஸ்கோர் எழுத வைத்தால் போதுமா?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் ஞாயிறுதோறும் காலையில் பிள்ளைகளுக்குக் கால்பந்தும் ஓட்டமும் சொல்லித் தருகிறேன். மூளை முடக்குவாதத்தால் வாக்கர் பிடித்து நடக்கும் 10 வயதுச் சிறுவனையும், டவுன் சிண்ட்ரோம் உள்ள 8 வயதுச் சிறுமியையும் சேர்த்துக்கொள்ளும்படி அவர்களுடைய தாய்மார்கள் கேட்கிறார்கள். அடிபட்டால் யார் பொறுப்பு, ஆட்டம் கெட்டுவிடாதா என்று மற்ற பெற்றோர் சிலர் தயங்குகிறார்கள். சிறுவனை ஸ்கோர் எழுத வைத்து, சிறுமியைப் பந்து எடுத்துத் தரச் சொன்னால் போதுமா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: போதாது. உங்கள் யோசனையில் கெட்ட எண்ணம் இல்லை என்பது புரிகிறது. ஆனாலும் கோட்டுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைக்கப்பட்ட பிள்ளை வேடிக்கை பார்க்கிறானே தவிர விளையாடவில்லை; அது அவனுக்கும் தெரியும், களத்தில் ஓடும் பிள்ளைகளுக்கும் தெரியும். நீங்கள் மாற்ற வேண்டியது ஆட்டத்தின் விதிகளை. அதையும் ஒருவனுக்குக் காட்டும் சலுகையாக இல்லாமல், ஆடும் எல்லோருக்கும் பொதுவான விதியாகவே மாற்றுங்கள்.

தொடங்குவதற்குப் போச்சியா மிகப் பொருத்தமான ஆட்டம். மூளை முடக்குவாதம் உள்ளவர்களை மனத்தில் வைத்து வளர்ந்த இந்த ஆட்டம் 1984 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெறுகிறது. முதலில் வெள்ளைப் பந்து ஒன்றை எறிந்துவிட்டு, ஒரு தரப்பு ஆறு சிவப்புப் பந்துகளையும் மறு தரப்பு ஆறு நீலப் பந்துகளையும் அதற்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே போட்டி. உட்கார்ந்தபடி எறியலாம், உருட்டலாம், காலால் தள்ளலாம். கையே எழாதவர்கள் சாய்வுப் பலகை வழியாக உருட்டிவிடலாம். பழைய காலுறைகளில் மணல் நிரப்பிக் கட்டிச் சாயம் தோய்த்தால் பயிற்சிக்குப் போதும். எல்லாப் பிள்ளைகளையும் நாற்காலியில் உட்கார வைத்து ஆடச் சொல்லுங்கள். குறி பார்ப்பதில் அந்தச் சிறுவன் உங்கள் கால்பந்து வீரர்களைத் தோற்கடித்தால் வியப்படைய வேண்டாம். இந்த ஆட்டத்தின் ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும். பலகையைப் பிடித்து உதவுபவர் களத்துக்கு முதுகைக் காட்டியே இருக்க வேண்டும். எங்கே, எவ்வளவு வேகத்தில் என்ற முடிவு முழுக்க ஆடுபவருடையது. உதவி செய்கிறேன் என்று பிள்ளைக்குப் பதிலாகத் தாமே ஆடிவிடும் பெற்றோரிடம் இந்த விதியைச் சொல்லிக் காட்டுங்கள்.

கால்பந்தைக் கைவிடவும் தேவையில்லை. வாக்கரின் சக்கரம் மணலில் புதையும் என்பதால் சிமென்ட் தளத்துக்கு ஆட்டத்தை மாற்றுங்கள். அணியிலுள்ள ஒவ்வொருவரின் காலிலும் பந்து பட்ட பிறகே கோல் அடிக்கலாம் என்றொரு விதி வைத்தால், அவனுக்குப் பந்து வந்தே தீரும். பாவம் பார்த்துக் கோல் போட விடுவதை மட்டும் அனுமதிக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும்.

சிறுமிக்கு நீளமான விளக்கம் உதவாது. ஒரு நேரத்தில் ஒரு சொல், ஒரு செயல். அதை நீங்களே செய்து காட்டுங்கள், வாரந்தோறும் ஒரே வரிசையில் தொடங்குங்கள், அவள் வயதொத்த தோழி ஒருத்தியை இணையாக விடுங்கள். ஆனால் மருத்துவரின் ஒப்புதல் இல்லாமல் அவளைக் களத்தில் இறக்க வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருக்கிறது. சிலருக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளின் இணைப்பு தளர்ந்திருக்கும். குட்டிக்கரணமும் பந்தைத் தலையால் முட்டுவதும் அவளுக்கு வேண்டாம். கழுத்து வலி, நடையில் திடீர் மாற்றம், கை கால்களில் பலவீனம் ஆகியவை தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள். சிறுவனின் பெற்றோரிடம் வலிப்பு உண்டா என்று கேட்டு வையுங்கள்; அவன் மற்றவர்களைவிட விரைவில் களைத்துவிடக்கூடும், ஆகவே அடிக்கடி ஓய்வு கொடுங்கள்.

பொறுப்பைப் பற்றிக் கேட்கும் பெற்றோரிடம், எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே ஒப்புதல் படிவம்தான் என்று சொல்லிவிடுங்கள். இந்த இருவரிடம் மட்டும் தனியாக எழுதி வாங்குவது அநியாயம். ஆட்டம் கெட்டுவிடும் என்ற குறையை நான் ஒதுக்கிவிட மாட்டேன்; வேகமாக ஓடி மோதி ஆட விரும்பும் பிள்ளையின் ஆசையும் நியாயமானதே. முதல் முக்கால் மணி நேரம் அனைவரும் சேர்ந்து ஆடட்டும், கடைசி அரை மணி விருப்பமுள்ளவர்கள் வழக்கம்போல் ஆடட்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் விளையாட்டில் பங்கேற்பதை உரிமையாகவே பேசுகிறது. அரசையும் விளையாட்டு அமைப்புகளையும் நோக்கி எழுதப்பட்டதென்றாலும், சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்ல உங்களுக்கு அது வலுவான ஆதாரம். சில ஆண்டுகளில் போட்டிகளில் ஆர்வம் வந்தால், முதலமைச்சர் கோப்பையில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் இப்போதே மாரியப்பன் தங்கவேலுவின் ரியோ தங்கத்தைச் சொல்லி அந்தச் சிறுவனின் தோளில் சுமை ஏற்றாதீர்கள். மற்ற பிள்ளைகள் பதக்கத்துக்காகவா ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள்?

வரும் வாரத்தில் ஒரு மாலை, மைதானம் காலியாக இருக்கும்போது இருவரையும் வரவழைத்து இடத்தைக் காட்டுங்கள். என்ன ஆட ஆசை என்று தாய்மார்களிடம் கேட்பதற்கு முன் பிள்ளைகளிடம் கேளுங்கள். நான்கைந்து வாரம் வந்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று அவர்கள் நின்றுவிட்டாலும், வேறெந்தப் பிள்ளை நின்றாலும் என்ன செய்வீர்களோ அதையே செய்யுங்கள்.