உங்கள் டீம் லீட் ஏன் பேசாமல் இருக்கிறார்: ஒரு மெட்ஸ் ரசிகனின் பதில்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தேன். கோடையில் நியூயார்க் வந்து வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள், குயின்ஸில் வீடு. 2025 செப்டம்பர் 29 திங்கட்கிழமை உங்கள் டீம் லீட் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்து சீட்காரரிடம் கேட்டால் "மெட்ஸ்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். தேடிப் பார்த்தால், அது குயின்ஸின் பேஸ்பால் அணி; சீசனில் 83 வெற்றி, 79 தோல்வி, சின்சினாட்டி ரெட்ஸ் என்ற அணிக்கும் அதே கணக்கு. பிளேஆஃபில் அவர்கள் உள்ளே, இவர்கள் வெளியே, அது எப்படி? ஒரு விளையாட்டுக்காக ஐம்பது வயது மனிதர் இப்படி உடைந்து போவாரா? அவரிடம் என்னதான் பேசுவது? இதுதானே கேள்வி. நானும் மெட்ஸ் ரசிகன்தான். இந்த வாரம் எனக்கும் பேச்சு குறைவு. இருந்தாலும் சொல்கிறேன்.

கணக்கு சுலபம். பேஸ்பாலில் இரண்டு லீக், ஒவ்வொன்றிலும் மூன்று டிவிஷன். டிவிஷனில் முதலிடம் பிடித்த மூன்று அணிகளும், மற்றவர்களில் சிறந்த மூன்றும் பிளேஆஃபுக்குப் போகும். அந்தப் பின்வாசலுக்கு வைல்டு கார்டு என்று பெயர். முன்பெல்லாம் கடைசி இடத்துக்கு இரண்டு பேர் சமமாக நின்றால், சீசனின் 162 ஆட்டங்களுக்கு மேல் 163-வது ஆட்டம் ஒன்று வைப்பார்கள். 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த சீசனில் நேருக்கு நேர் மோதியதில் யார் கை ஓங்கியது என்றுதான் முதலில் பார்ப்பார்கள். ரெட்ஸும் மெட்ஸும் ஆறு முறை மோதினார்கள், நான்கு ரெட்ஸுக்கு. முடிந்தது கதை. நியூயார்க்கின் இன்னொரு அணியான யாங்கீஸும் டொராண்டோவும் 94 வெற்றியோடு சமமாக முடித்தும் டிவிஷன் டொராண்டோவுக்குப் போனது இதே விதியால்தான். ஆனால் யாங்கீஸ் வைல்டு கார்டில் நுழைந்துவிட்டார்கள். இந்தத் தகவலை உங்கள் டீம் லீடிடம் சொல்லித் தொலைக்காதீர்கள்.

சென்னைக்காரர் என்று எழுதியிருக்கிறீர்கள். 2024 மே 18 ராத்திரி ஞாபகம் இருக்கும். பெங்களூரு 218 அடித்தது. சிஎஸ்கே ஜெயிக்கக்கூட வேண்டாம், 201 எடுத்தால் போதும், பிளேஆஃப் உறுதி. கடைசி ஓவரில் தோனி ஒரு சிக்ஸர் அடித்து, அடுத்த பந்தில் அவுட். 191-இல் நின்றது. புள்ளிகள் இரு அணிக்கும் சமம், ரன் ரேட்டில் போனோம். அன்றைக்கு உங்கள் வீட்டில் யார் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், சொல்லுங்கள்.

ஆனால் ஐபிஎல் லீக் சுற்று ஓர் அணிக்கு 14 ஆட்டம், இரண்டு மாதத்துக்குள் முடிந்துவிடும். இங்கே 162. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, கிட்டத்தட்ட தினமும். நான் இங்கே வந்த புதிதில் இது ஒரு பைத்தியக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். இத்தனை ஆட்டம் யார் பார்ப்பார்கள்? யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். மாலை 7.10-க்கு முதல் பந்து. டிவியில் கேரி கோஹன் வர்ணனை. பக்கத்தில் 1986-இல் கோப்பை வென்ற அணியில் ஆடிய கீத் ஹெர்னாண்டஸ், ரான் டார்லிங். இந்த மூன்று பேரும் 2006 முதல் ஒன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நாம் குழம்பைச் சுடவைப்போம், பிள்ளை வீட்டுப்பாடம் செய்யும், ஊருக்கு போன் பேசுவோம், பின்னால் அந்தக் குரல்கள் கேட்டபடி இருக்கும். ஹெர்னாண்டஸ் ஆட்டத்தை விட்டுவிட்டு வேறெதையாவது பேசுவார், அதையும் கேட்போம். தனியாக இருப்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய துணை என்று முதல் குளிர்காலம் வரும்போது உங்களுக்கே தெரியும். பிளேஆஃப் கிடைத்தால் இன்னும் சில வாரம் ஆட்டம் நீளும், ஊரே சேர்ந்து பார்க்கும். கிடைக்காவிட்டால் ஞாயிறு மாலையோடு சட்டென்று நின்றுவிடும். உங்கள் டீம் லீட் தோல்விக்காக மட்டும் வருந்தவில்லை தம்பி. திங்கட்கிழமை 7.10-க்கு அவர் வீட்டில் சத்தம் இல்லை.

இந்த வருடம் நடந்த விதமும் அப்படி. நட்சத்திர பேட்டர் ஜுவான் சோட்டோவுக்கு 15 வருடம், 76.5 கோடி டாலர் என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஜூன் 12 அன்று 45 வெற்றி, 24 தோல்வி. முப்பது அணிகளில் இவர்கள்தான் முதல். அதே நாளில் பந்து வீசும் பிட்சர் கோடாய் செங்காவுக்குத் தொடைத் தசையில் காயம். அதன் பிறகு 38 வெற்றி, 55 தோல்வி. நம்பிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, கடைசி நாளில் மயாமிக்குப் போய் நின்றார்கள். எதிரே மார்லின்ஸ், ஏற்கெனவே வெளியே போன அணி. அன்று ரெட்ஸும் தோற்றார்கள்! மெட்ஸ் ஜெயித்திருந்தால் உள்ளே. ஐந்தாவது இன்னிங்ஸில் மூன்று பேஸிலும் ரன் எடுக்கக் காத்து மெட்ஸ் ஆள் நிற்க, அவர்களின் பீட் அலோன்சோ ஓங்கி அடித்த பந்து நேராக ஃபீல்டர் கைக்குப் போனது. 4-0 தோல்வி. சோட்டோ 43 ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) அடித்த வருடம் இது, அதுதான் வயிற்றெரிச்சல்.

உங்கள் டீம் லீட் வயதுக்காரருக்கு மார்லின்ஸ் என்ற பெயரே ஆகாது. 2007-இல் மெட்ஸ் 17 ஆட்டம் மீதியிருக்க ஏழு ஆட்டம் முன்னிலையில் இருந்து, கடைசி நாளில் மார்லின்ஸிடம் 8-1 என்று தோற்று வெளியே போனார்கள். 2008-இலும் கடைசி நாள், மறுபடி மார்லின்ஸ், 4-2. அதுதான் மெட்ஸின் பழைய மைதானமான ஷே ஸ்டேடியத்தின் கடைசி ஆட்டமும்கூட. இப்போது மூன்றாவது தடவை.

சரி, என்ன பேசுவது? "வெறும் விளையாட்டுதானே" வேண்டாம். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பதும் வேண்டாம், அதை அவர் தனக்குத்தானே சொல்லிச் சலித்திருப்பார். சோட்டோ சம்பளத்தைப் பற்றி வாயே திறக்காதீர்கள். "ஷே ஸ்டேடியத்துக்கு முதலில் எப்போது போனீர்கள், யார் கூட்டிப்போனார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார். இங்கே ஆபீஸில் யாரும் வானிலையைத் தாண்டிப் பேசுவதில்லை என்று புதிதாக வரும் எல்லோரும் புலம்புகிறோம். வீடு, சம்பளம், கல்யாணம் என்று நம் ஊரில் பேச்சைத் தொடங்கும் எதையும் இங்கே கேட்க முடியாது. அப்பாவைப் பற்றி, வளர்ந்த தெருவைப் பற்றி ஒருவர் தானாகப் பேச இந்த ஒரு வழி திறந்திருக்கிறது.

நீங்களும் ஓர் அணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். யாங்கீஸ் பக்கம் போனால் கஷ்டம் குறைவு, மறுக்கவில்லை. ஆனால் குயின்ஸில் இருந்துகொண்டு அது எனக்குச் சரியாகப் படவில்லை. நியூயார்க்கில் இருந்த டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் என்ற இரண்டு அணிகளும் 1957-க்குப் பிறகு கலிஃபோர்னியாவுக்குப் போனதால் உண்டானதுதான் மெட்ஸ். முந்தையவரின் நீலமும் பிந்தையவரின் ஆரஞ்சும் இவர்கள் நிறம். 1962-இல், முதல் சீசனில், 120 தோல்வி. அதற்கே இந்த ஊர் கூட்டமாகப் போய்ப் பார்த்தது.

ஏப்ரலில் வார நாள் இரவு ஆட்டங்களுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், குளிர் பயங்கரமாக இருக்கும், ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் கேன்டீனில் தோசை சாப்பிட்டுவிட்டு, மெயின் ஸ்ட்ரீட்டில் 7-ஆம் நம்பர் ரயில் ஏறினால் அடுத்த ஸ்டேஷனே மைதானம். டீம் லீடையும் கூப்பிடுங்கள். மார்லின்ஸோடு ஆட்டம் என்றால் மட்டும் வேறு தேதி பாருங்கள்.