கல்யாண பிளவுஸும் கைராசியும்

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் பதினொரு வருடமாக வீட்டிலேயே பிளவுஸ் தைக்கிறேன். நான் முதன்முதலில் கல்யாண பிளவுஸ் தைத்துக் கொடுத்த பெண்ணின் திருமணம், முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு நின்றுபோனது. ‘உன் கைராசி அப்படி’ என்றார் மாமியார். அதன் பிறகு கல்யாணத் துணி வந்தாலே தள்ளிப்போடுகிறேன். கடைசி இரவில் தைத்து, கைக்குழி பிசகித் திட்டு வாங்குகிறேன். டவுனில் கடை போடலாம் என்கிறார் கணவர். எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் கைதான் காரணமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: ‘ஐந்து பவுன் குறைகிறது என்று மாப்பிள்ளை வீட்டார் தகராறு செய்தார்களாம்.’ கல்யாணம் நின்ற காரணத்தை நீங்களே எழுதிவிட்டு, ‘என் கைதான் காரணமா?’ என்று என்னைக் கேட்கிறீர்கள். யாரோ பேராசையில் செய்த காரியத்தின் பழியை இத்தனை வருடம் நீங்கள் சுமந்திருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது.

கைக்குழி பிசகியது உண்மைதான். மூன்று வாரம் பீரோவில் கிடந்த துணியில், இரவு ஒரு மணிக்குக் கத்தரி வைத்தால் யார் கைக்கும் பிசகும். பயத்தால் தள்ளிப்போடுகிறீர்கள், தள்ளிப்போட்டதால் தவறுகிறது, அந்தத் தவறே பயத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது, சொன்னால் வருத்தப்படக் கூடாது. அவசரத்தில் தைத்துக் கெட்டால் ‘நேரமில்லை’ என்று சொல்லிக்கொள்ளலாம். நிதானமாகத் தைத்தும் கெட்டால் கையைத்தான் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் மனம் துணியைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறது. ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்துவிட்டு, ‘நன்றாகச் செய்தாய்’ என்று சில மாணவர்களைப் பாராட்டினார்கள். அடுத்த தேர்வுக்கு முன் இரண்டு மருந்துகளைக் காட்டி, ஒன்று திறமையைக் கூட்டும், மற்றது குறைக்கும் என்றார்கள். எதனால் வென்றோம் என்றே தெரியாத அந்த மாணவர்களில், குறிப்பாக ஆண்களில், பலர் குறைக்கும் மருந்தைத் தேர்ந்தார்கள். தோற்றால் பழி மருந்துக்குப் போய்விடும் அல்லவா?

பழைய அளவு நோட்டுகளை எறியாமல் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவற்றை எடுங்கள். கல்யாணத் துணி வந்த பக்கங்களில் மட்டும், துணி வந்த நாளையும் கத்தரி வைத்த நாளையும், பிளவுஸ் திரும்பி வந்ததா என்பதையும் பென்சிலால் குறியுங்கள். தள்ளிப்போட்டபோது மனதில் ஓடிய வாக்கியம் நினைவிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். நான் சிறுமியாக இருந்தபோது மதுரை புதுமண்டபத்தில் தூண்களுக்கிடையே தையல் மெஷின்கள் ஓடும். அங்கே ஒரு பெரியவர் அம்மாவின் ரவிக்கையைப் பிரிக்கும்போது, வேண்டாத நூலை மட்டும் ஊசி முனையால் நெம்பி எடுப்பார். துணியில் கீறல் விழாது. நீங்கள் எழுதும் வாக்கியத்திலும் மாமியாரின் சொல் எது, உங்கள் சொல் எது என்று அந்தப் பொறுமையோடு பிரித்துப் பாருங்கள். அவரோடு சண்டை வேண்டாம். அவரும் யாரிடமோ கேட்டதைத்தான் சொல்லியிருப்பார்.

அடுத்த கல்யாணத் துணி வந்த அன்றே லைனிங்கை மட்டும் வெட்டுங்கள். தவறினால் பெரிய நஷ்டமில்லை. மறுநாள் காலை வெளிச்சத்தில் பட்டில் கத்தரி வையுங்கள். பயம் போகட்டும் என்று காத்திருக்காமல், பயத்தோடேயே வெட்டுங்கள். நாலைந்து பிளவுஸ் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தால் அது தானே தணியத் தொடங்கும்.

கடை விஷயத்தை இப்போதே முடிவுசெய்ய வேண்டாம். ஆவணி முகூர்த்தங்கள் முடியும் வரை கணவரிடம் அவகாசம் கேளுங்கள். நோட்டுக் கணக்கு முடிந்ததும் எனக்கு எழுதுங்கள். கல்யாணம் நின்றுபோன அந்தப் பெண்ணுக்குப் பின்னாளில் திருமணம் ஆகிவிட்டதா என்பதையும் விசாரித்து எழுதுங்கள். தகராறு செய்த அந்த வீட்டுக்குப் போகாமல் அவர் நன்றாக இருக்கிறார் என்று கேட்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.