விஞ்ஞானச் சங்கம் தொழில்வாண்மை அமைப்பாவது எப்படி? திருகோணமலைக் கேள்விகளுக்குப் பதில்கள்

திருகோணமலை மாவட்டத்து விஞ்ஞானப் பட்டதாரிகளும் ஆய்வுகூட உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து நடத்தும் சங்கமொன்று, உத்தியோகபூர்வ அங்கீகாரமுள்ள தொழில்வாண்மை அமைப்பாக மாறுவதென்று தீர்மானம் எடுத்திருக்கிறது. அதையொட்டி உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். இப்படியான அமைப்புகளின் யாப்பு, அதாவது விதிகள், எழுதும் குழுவிலும் உறுப்புரிமைக் குழுவிலும் நெடுங்காலம் இருந்த பழக்கத்தில் எழுதுகிறேன். நான் சட்டத்தரணி இல்லை. கையெழுத்து வைக்குமுன் ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு பட்டதாரி: சேர், சங்கத்தைப் பிரதேச செயலகத்தில் பதிந்து இலக்கமும் எடுத்துவிட்டோம். அதுவே அரச அங்கீகாரம்தானே?

அந்த இலக்கத்தை வைத்து வங்கிக் கணக்குத் திறக்கலாம், மண்டபம் கேட்டுக் கடிதம் எழுதலாம். இப்படியொரு சங்கம் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி. உங்கள் உறுப்பினர் தகுதியான விஞ்ஞானி என்பதற்குச் சாட்சி இல்லை.

நீங்கள் தேடும் அங்கீகாரத்துக்குள் மூன்று காரியங்கள் கலந்து கிடக்கின்றன. சங்கம் தன் பெயரிலேயே சொத்து வாங்கவும் வழக்காடவும் கூடிய சட்டபூர்வ ஆளாவது ஒன்று. வேலை கொடுப்பவர்களும் மற்றத் தொழில்வாண்மை அமைப்புகளும் உங்கள் உறுப்புரிமையை மதிப்பது இன்னொன்று. பதிவில்லாதவர் அந்தத் தொழிலைச் செய்யவே கூடாது என்று சட்டம் சொல்வது மூன்றாவது. முதலாவதைப் பணமும் பொறுமையும் இருந்தால் எடுக்கலாம். இரண்டாவதை உழைத்துத்தான் பெற வேண்டும். மூன்றாவது உங்களுக்கு இப்போது தேவையில்லை என்பது என் எண்ணம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உவர்மலையிலிருந்து சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்: பாராளுமன்றச் சட்டமா, கம்பனியா? குழுவுக்குள் இதில்தான் பெரிய இழுபறி.

எல்லோருக்கும் ஆசை பாராளுமன்றச் சட்டத்தில்தான். பெரிய அமைப்புகள் அந்த வழியால் வந்தவை என்பது உண்மை. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 1968 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தாலும், இரசாயனவியல் நிறுவகம் 1972 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தாலும் கூட்டிணைக்கப்பட்டன. ஆனால் பொறியியலாளர்களின் சங்கம் 1906 இலேயே தொடங்கிவிட்டது என்பதையும் பாருங்கள். அறுபது வருடத்துக்கு மேல் சங்கமாக வேலை செய்துவிட்டுத்தான் அவர்கள் சட்டத்துக்குப் போனார்கள்.

வழி இதுதான். வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போட வேண்டும். அமைச்சராக இல்லாத ஒரு பாராளுமன்ற உறுப்பினர் தனிநபர் சட்டமூலமாக அதைக் கொண்டுவர வேண்டும். சம்பந்தப்பட்ட அமைச்சரின் அறிக்கை வர வேண்டும். பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்தில் அதை ஆட்சேபிக்கலாம். அதெல்லாம் தாண்டித்தான் பிரிவு பிரிவாக ஆராயும் குழுநிலையும் கடைசி ஒப்புதலான மூன்றாம் வாசிப்பும். நடுவில் பாராளுமன்றம் கலைந்தால் நிறைவேறாத சட்டமூலம் காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து. 2024 செப்டெம்பரில் கலைந்தபோது நிலுவையில் இருந்தவற்றுக்கும் அதே கதிதான்.

கம்பனி வழி இதைவிட எத்தனையோ சுலபம். 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்று ஒரு வகை உண்டு. பங்கு கிடையாது, பங்கிலாபமும் கிடையாது. கம்பனி மூடப்படும் நிலை வந்தால் இவ்வளவு தருவேன் என்று ஒவ்வோர் உறுப்பினரும் சிறு தொகைக்குப் பொறுப்பேற்பார், அவ்வளவுதான். இலாப நோக்கமற்ற சங்கங்கள் அதே சட்டத்தின் 34 ஆம் பிரிவின் கீழ் அனுமதிப்பத்திரம் கேட்கலாம். வருமானம் முழுவதும் சங்கத்தின் நோக்கங்களுக்கே போக வேண்டும் என்பது நிபந்தனை. ஒவ்வொரு வருடமும் கணக்காய்வு செய்து பதிவாளருக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அது தலையிடிதான், ஆனால் நல்ல தலையிடி. ஐந்து வருடக் கணக்காய்வு அறிக்கையோடு போகிறவர்களைப் பாராளுமன்றக் குழுவும் வேறு கண்ணால் பார்க்கும்.

ஆகவே இப்போது கம்பனியாகப் பதியுங்கள். சட்டமூலத்தை அடுத்த தலைமுறை நிர்வாகம் பார்க்கட்டும்.

மூதூரிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியை: எங்களைப் போன்ற ஆசிரியர்களை முழு உறுப்பினராக எடுப்பீர்களா, இல்லை இரண்டாம் வரிசையா?

நீங்கள் இப்படிக் கேட்டது நல்லது, ரீச்சர். சங்கம் அனுப்பிய யாப்பு வரைவின் உறுப்புரிமைப் பிரிவில் ஒரே வரிதான் இருக்கிறது: "விஞ்ஞானத்தில் ஆர்வமுள்ள பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட எவரும் சேரலாம்." சங்கத்துக்கு அது அழகான வரி. தொழில்வாண்மை அமைப்பை எழும்ப விடாத வரியும் அதுதான். எவரும் சேரலாம் என்றால் உறுப்பினர் அட்டை எதையும் நிரூபிக்காது.

வகை பிரிக்க வேண்டும். பட்டமும் அதற்குப் பின் சில வருடப் பொறுப்பான வேலை அனுபவமும் உள்ளவர் முழு உறுப்பினர். வாக்கும் பெயருக்குப் பின்னால் எழுத்தும் அவருக்கு. புதிதாகப் பட்டம் முடித்தவர் இணை உறுப்பினர். டிப்ளோமாவோடு ஆய்வுகூடத்தில் நிற்பவருக்குத் தொழில்நுட்பவியலாளர் என்று தனி வகை வேண்டும். அவர்களை மறந்துவிடுவது எல்லாச் சங்கங்களிலும் நடக்கிற அநியாயம், பரிசோதனையைச் செய்வதே அவர்கள்தான். மாணவர்களும் ஆர்வலர்களும் தாராளமாக வரலாம், வாக்கு இல்லை. விஞ்ஞானப் பட்டம் பெற்றுப் பல வருடம் கற்பித்த ஆசிரியர் முழு உறுப்பினராவதற்கு ஒரு தடையும் இருக்கக்கூடாது. கற்பித்தலும் பொறுப்பான வேலைதான் என்று யாப்பிலேயே எழுதிவையுங்கள். பிறகு குழுவில் இருப்பவரின் மனநிலையைப் பொறுத்து மாறாது.

புல்மோட்டையிலிருந்து, கனிய மணல் பகுப்பாய்வில் வேலை செய்பவர்: உறுப்பினரானால் எனக்குப் பதவி உயர்வில் புள்ளி கிடைக்குமா?

உடனே கிடைக்காது, தம்பி. அரச துறையில் ஆட்சேர்ப்புத் திட்டத்தில் அந்த அமைப்பின் பெயர் எழுதப்பட்டிருந்தால்தான் புள்ளி. இரசாயனவியல் நிறுவகம் 1979 இல் தானே ஒரு பட்டக் கற்கையைத் தொடங்கிப் பரீட்சை வைத்து, வெளியே போனவர்கள் ஆய்வுகூடங்களில் திறமை காட்டிய பிறகுதான் அந்தப் பெயருக்கு மவுசு வந்தது. இல்மனைற்றையும் சேர்க்கனையும் பிரித்தறிகிற உங்களுக்கு இப்போதைக்கு அந்த நிறுவகத்தின் உறுப்புரிமை கூடுதல் பயன் தரும். இரண்டிலும் இருப்பதற்குத் தடையில்லை.

கிண்ணியாவிலிருந்து: "பட்டய விஞ்ஞானி" என்று விசிட்டிங் கார்டில் போடலாமா, சேர்?

வேண்டாம். பிரித்தானியாவில் அந்தப் பட்டத்தை அரச சாசனம், அதாவது முடி கொடுக்கும் உரிமைப் பத்திரம், பெற்ற விஞ்ஞானப் பேரவை 2004 முதல் தன் உறுப்பு அமைப்புகள் ஊடாக வழங்குகிறது. அங்கே பௌதிகவியல் நிறுவகத்துக்குச் சாசனம் கிடைத்ததே 1970 இல்தான். அதன் முன்னோடியான லண்டன் பௌதிகவியல் சங்கம் 1874 இல் தொடங்கியது. நாம் 1972 இல் குடியரசான பிறகு பிரித்தானிய முடியிடம் சாசனம் கேட்கிற வழி இல்லை, இங்கே அதிகாரம் பாராளுமன்றத்திடம். அப்படியொரு அதிகாரம் கைக்கு வரும்வரை உறுப்பினர் வகையை மட்டும் போடுங்கள்.

குச்சவெளியிலிருந்து: தகுதியில்லாதவர்கள் எல்லாம் கிணற்றுத் தண்ணீர் பரிசோதித்து அறிக்கை கொடுக்கிறார்கள். அங்கீகாரம் வந்தால் அவர்களை நிறுத்தலாமா?

முடியாது. அது நான் மேலே சொன்ன மூன்றாவது வகை. பொறியியலாளர்களுக்குக்கூட அந்தப் பதிவு வேலையை 2017 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் பொறியியல் பேரவை என்ற தனி அமைப்பிடம் கொடுத்தது; நிறுவகத்திடம் இல்லை. உறுப்பினரின் நலன் பார்க்கிற சங்கமும் பொதுமக்களுக்காகக் கண்காணிக்கிற சபையும் வேறாக இருப்பதே முறை. மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்களை மருத்துவ சபை பதிகிறது, அதற்குள் நீங்கள் கால் வைக்கவே வேண்டாம். தென்னாபிரிக்காவில் இயற்கை விஞ்ஞானிகளுக்கே 2003 இல் தனிச் சட்டம் போட்டுப் பதிவுச் சபை வைத்திருக்கிறார்கள், ஆனால் அது அரசாங்கம் உருவாக்கியது.

உங்கள் பிரச்சினைக்கு உடனடி மருந்து வேறு. ஆய்வுகூடங்களுக்குத் தராதரம் வழங்குவது 2005 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இலங்கை தராதர அங்கீகாரச் சபை. ஆய்வுகூடத் திறமைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 17025 சான்று, அதுவும் தேவையான அந்தப் பரிசோதனைக்கே பெற்றது, உள்ள இடத்தில் தண்ணீரைக் கொடுங்கள் என்று மக்களுக்குச் சொல்லுங்கள். அதைச் சொல்ல எந்த அங்கீகாரமும் தேவையில்லை.

தம்பலகாமத்திலிருந்து: ஐயா, ஒழுக்காற்றுக் குழு கட்டாயமா? சின்ன ஊர். எல்லோரும் சொந்தக்காரர்கள்.

கட்டாயம். சொல்லப்போனால் அங்கீகாரம் கேட்கிற முழு விண்ணப்பத்திலும் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது இந்தப் பக்கத்தைத்தான். ஒருவரையும் மறுக்காத, ஒருவரையும் விசாரிக்க வழி வைக்காத அமைப்பை நான் தொழில்வாண்மை அமைப்பென்று எடுக்கமாட்டேன். அது நண்பர் வட்டம்.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். உங்கள் உறுப்பினர் ஒருவர் தண்ணீரைச் சோதிக்காமலே அறிக்கையில் கையெழுத்து வைத்தார் என்று முறைப்பாடு வருகிறது. அறிக்கையைக் கையில் எடுங்கள். மாதிரி எடுத்த திகதி திங்கட்கிழமை காலை, அறிக்கைத் திகதி அதே திங்கட்கிழமை மாலை, தண்ணீர் மாசடைந்ததைக் காட்டும் கோலிபோம் பற்றீரியா இல்லை என்று எழுதியிருக்கிறது. வழமையான முறையில் அந்த மாதிரியை அடைகாப்புப் பெட்டிக்குள் ஏறத்தாழ ஒரு நாள் வைத்தால்தான் ஏதாவது வளர்ந்ததா என்று பார்க்க முடியும். மாலைக்குள் முடிவு வந்தது எப்படி? ஆய்வுகூடப் பதிவேட்டைக் கேளுங்கள். பெட்டிக்குள் வைத்த நேரம், எடுத்த நேரம், யார் பார்த்தது. உடன் முடிவு தரும் வேறு முறை ஏதும் பாவித்தாரா என்றும் கேளுங்கள். அவருக்கும் சொல்ல நியாயம் இருக்கலாம், திகதி பிழையாக அச்சாகியிருக்கலாம். எழுத்தில் குற்றச்சாட்டுக் கொடுத்து, பதில் சொல்ல அவகாசம் கொடுத்து, நேரில் கேட்டு, காரணத்தோடு முடிவெழுதி, மேன்முறையீட்டுக்கு வேறு ஆட்களை வைக்க வேண்டும்.

இனிச் சொந்தக்காரர் பிரச்சினை. மூன்று பேர் குழுவில் ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவரின் மச்சானாக இருப்பார், அது நம் ஊர் நடப்பு. உறவோ கொடுக்கல் வாங்கலோ உள்ளவர் விலக வேண்டும் என்று யாப்பில் எழுதுங்கள். ஒரு இடத்தை உறுப்பினரல்லாத வெளியாளுக்கு ஒதுக்குங்கள். ஓய்வுபெற்ற நீதவானோ மட்டக்களப்பிலிருந்து ஒரு விரிவுரையாளரோ போதும். முறைப்பாடு வந்த பிறகு விதி எழுதினால் ஊரே இரண்டாகும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாக மாணவி ஒருவர்: ஏற்கனவே இருக்கிற அமைப்பின் கிளையாகலாமே? ஏன் புதிதாக ஒன்று?

மகள், எனக்கும் பாதி மனம் அப்படித்தான். இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் 1944 இலிருந்து இருக்கிறது. இரசாயனம், பௌதிகம் படித்தவர்களுக்குத் தனி நிறுவகங்கள் உண்டு. ஒரு துறைக்குள் நிற்பவர் அங்கே சேர்வதே புத்தி. மீன்வளம், கடல் சூழல், மணல், தண்ணீர் என்று துறை கலந்து வேலை செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு வீடு தேவை என்று சங்கம் காட்டினால் மட்டும் தனி அமைப்புக்கு நியாயம் உண்டு. விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் அது இருக்க வேண்டும். இப்போதைய வரைவில் இல்லை.

திருகோணமலை நகரிலிருந்து இரண்டு கேள்வி: உயர்தொழில் அமைப்புகளின் ஒன்றியத்தில் எப்போது சேரலாம்? யாப்பை எந்த மொழியில் எழுதுவது?

கொழும்பில் 1975 இலிருந்து இயங்கும் அந்த ஒன்றியத்தில் இடம் கிடைப்பது சக அமைப்புகளின் அங்கீகாரம். கம்பனிப் பதிவு, வகை பிரித்த உறுப்புரிமை, ஒழுக்கக்கோவை, சில வருடக் கணக்கு எல்லாம் கையில் இருக்கும்போது போங்கள், முதல் வருடமே ஓடாதீர்கள். யாப்பைத் தமிழில் எழுதி உறுப்பினர்கள் விவாதிக்கட்டும். பின்னாளில் சட்டமாக வந்தால் தமிழ்ப் பிரதிக்கும் சிங்களப் பிரதிக்கும் முரண் வரும் இடத்தில் சிங்களமே மேலோங்கும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கும். ஆகவே நோக்கங்கள் பிரிவை மட்டுமாவது இரு மொழியும் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும்.

அதே ஆள்: சட்டமூலம் கொண்டுவர எந்த எம்.பி.யைப் பிடிப்பது?

எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, வரைவை வாசித்துவிட்டு ஒரு கேள்வியாவது திருப்பிக் கேட்கிறவரைப் பிடியுங்கள். நன்றி சொல்லுங்கள், விழாவுக்கு அழையுங்கள். காப்பாளர் பதவி மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.