துணியால் நீரைப் பேசுதல்

கேள்வி: பாடசாலையொன்றில் மனைப்பொருளியல் கற்பிக்கிறேன். அண்மையில் கொழும்பில் பார்த்த கண்காட்சியொன்றில், ஆறும் கடலும் மாசடைவதைத் துணியில் தைத்துக் காட்டியிருந்தார்கள். மாணவியருடன் அப்படியொன்றைச் செய்ய ஆசை. ஆனால் நீரைக் கெடுப்பதில் துணிக்கும் பங்குண்டே, அதைத் துணியாலேயே சொல்வது முரணாகாதா?
– தையல் ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: முரண்தான், சகோதரி. ஆனால் அந்த முரணை மறைக்காத வேலைதான் மனத்தில் நிற்கிறது. பருத்தி வயல்களுக்காக ஆமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீரை 1960களிலிருந்து பெருமளவில் திருப்பியதால்தான் மத்திய ஆசியாவின் ஆரல் கடல் பெரும்பாலும் வற்றிப்போனது. பொலியெஸ்டர் உடைகளோ ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகளை உதிர்க்கின்றன. ஆகவே புதுத்துணி வாங்காமல், மாணவியரின் வீடுகளில் கிடக்கும் பழைய பருத்திச் சேலைகளையே கேட்டு வாங்குங்கள்.

அவுஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டின் வெர்தைம் சகோதரிகள் 2005இல் பவளப்பாறைகளைக் குரோஷே என்னும் கொக்கி ஊசிப் பின்னலில் செய்யத் தொடங்கினார்கள்; அந்த வேலையில் கம்பளி நூலோடு பிளாஸ்டிக்கையும் சேர்த்துப் பின்னினார்கள். குற்றம் செய்த பொருளே சாட்சியாகவும் வந்து நிற்பதால் அந்த வேலைக்கு வலிமை கூடுகிறது என்பது என் எண்ணம்.

நமக்கோ உவமை தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் தீப்பற்றி, பின்னர் மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் சிறுமணிகள் இருந்தன. அவை நீர்கொழும்பு வரையும் அதற்கப்பாலும் கரையில் வெண்மணலைப் போல ஒதுங்கியதை நாம் எல்லோரும் கண்டோம். ஒரு பிளாஸ்டிக் சிறுமணிக்கு ஒரு முடிச்சுத் தையல் என்று மாணவியரை இடச் சொல்லுங்கள். முடிச்சொன்றுக்கு அரை நிமிடம் என்றாலும் ஆயிரம் முடிச்சுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். அவ்வளவு பாடுபட்டும் கையில் சேர்வது ஒரு சிறு பிடி மணிகளுக்கான கணக்குத்தான் என்பதை விரல்கள் வலிக்கும்போது பிள்ளைகள் தாமே உணர்வார்கள். எந்தச் சுவரொட்டியாலும் இதைச் செய்ய முடியாது.

கொழும்பு நகரின் நடுவே உள்ள பேரே வாவியைப் பற்றியும் ஒரு துணி செய்யலாம். அதன் பச்சை நிறம், கழிவுநீரின் ஊட்டத்தில் பெருகும் பாசியால் வருவது. கடுக்காய்நீரில் ஊறவைத்து உலர்த்திய துணியை வாவிச் சேற்றில் புதைத்தால், சேற்றில் போதிய இரும்பு இருக்குமிடத்தில் அது கருமை ஏறும். நம் பழைய சாயக்காரர்கள் கறுப்பு எடுத்த முறையும் கடுக்காயும் இரும்பும் சேர்ந்ததே. ஆனால் அந்தக் கருமை இரும்பைத்தான் காட்டும், சாக்கடையைக் காட்டாது. அதைப் பார்ப்பவருக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள். சேற்றைப் பிள்ளைகள் அள்ள வேண்டாம். பெரியவர்கள் கையுறை அணிந்து வாளியில் எடுத்துவரட்டும். எடுத்த இடத்தையும் திகதியையும் துணியின் கரையில் நூலால் எழுதுங்கள். வேலை முடிந்ததும் எஞ்சிய சாயநீரைக் கானில் ஊற்றிவிடாதீர்கள். அந்தக் கானும் பெரும்பாலும் வாவிக்கோ கடலுக்கோதான் போய்ச் சேர்கிறது.