அம்மாவின் வால்வு: ரிப்பேர் செய்வதா, மாற்றுவதா?

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. ஆறு மாதமாக மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. எக்கோவில் மைட்ரல் வால்வு கடுமையாகக் கசிவதாகத் தெரிந்தது. ஒரு சர்ஜன் வால்வை ரிப்பேர் செய்யலாம் என்கிறார். இன்னொருவர், இந்த வயதில் ரிப்பேர் எதற்கு, மாற்றிவிடுங்கள் என்கிறார். அம்மாவோ மாத்திரையிலேயே காலத்தை ஓட்டிவிடுகிறேன் என்கிறார். ரிப்போர்ட்டை அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம் டாக்டர்?
- வாசகி, குரோம்பேட்டை

பதில்: ரிப்போர்ட்டை வரிவரியாகப் படித்தேன். அம்மாவின் வயதைவிட, வால்வு எதனால் கசிகிறது என்பதுதான் இங்கே முக்கியம்.

மைட்ரல் வால்வு என்பது இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே இருக்கும் கதவு. அதற்கு இரண்டு இதழ்கள். இதயம் சுருங்கும்போது அவை மேலே புரண்டுவிடாதபடி மெல்லிய நாண்கள் கீழிருந்து இழுத்துப் பிடித்திருக்கும். அம்மாவுக்குப் பின்பக்க இதழின் நடுவில் ஒரு நாண் அறுந்து, அந்த இடம் மட்டும் புரள்கிறது. மற்றபடி இதழ்கள் மெல்லியவை, நன்றாக அசைகின்றன, சுண்ணாம்பு படியவில்லை. ரிப்பேருக்கு இதைவிடத் தோதான வால்வு கிடையாது. என் அம்மாவாக இருந்தாலும் முதலில் ரிப்பேருக்குத்தான் முயல்வேன்.

புரளும் துண்டை வெட்டித் தைப்போம், அல்லது கோர்டெக்ஸ் என்னும் செயற்கை நூலில் புது நாண் கட்டுவோம். அப்புறம் விரிந்துபோன வால்வு வாயைச் சுற்றி ஒரு வளையம் வைத்துத் தைப்போம். பிரெஞ்சு சர்ஜன் அலென் கார்பன்டியே 1983-ல் விரிவாக எழுதிய வழி இது. இன்றைக்கும் அடிப்படை அதுதான். தைத்து முடித்ததும் சிரிஞ்சில் உப்புநீரை எடுத்து வால்வு வழியாக உள்ளே அடிப்போம். கீழறை நிரம்ப நிரம்ப இரண்டு இதழ்களும் உப்பி மேலே வந்து, மூடிய உதடுகள் போலப் பொருந்தி நிற்கும். இத்தனை வருடம் கழித்தும் அந்த நொடியில் எனக்கு மூச்சு நின்றுதான் வரும். பிறகு இதயத்தை ஓடவிட்டு, உணவுக்குழாயில் வைத்த எக்கோவில் மறுபடி பார்ப்போம்.

சொந்த வால்வும் நாண்களும் இருந்த இடத்தில் இருந்தால் இதயத்தின் பம்ப் பலம் நன்றாக நிலைக்கும். இதயத்துடிப்பு சீராக இருந்தால், ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரையையும் பெரும்பாலும் சில மாதங்களில் நிறுத்திவிடலாம்.

அந்த இரண்டாவது சர்ஜன் சொல்வதிலும் நியாயம் உண்டு. சிக்கலான ரிப்பேருக்கு நேரம் பிடிக்கும். ஆபரேஷனின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் ஹார்ட்-லங் மெஷினில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு நிமிடமும் வயதான உடம்புக்குப் பாரம். இரண்டு வருடத்தில் மறுபடி கசிந்து நெஞ்சைத் திறப்பதைவிட, முதலிலேயே மாற்றுவது மேல். ருமாட்டிக் காய்ச்சலால் இதழ்கள் தடித்து ஒட்டிப்போன வால்வு என்றால் நானும் மாற்றத்தான் சொல்வேன். மாரடைப்புக்குப் பிறகு வரும் கசிவும் வேறு கதை. அப்படிப்பட்ட கசிவு இருந்த 251 பேரிடம் அமெரிக்கா, கனடாவில் செய்து 2016-ல் வெளியான ஆய்வில், இரண்டு ஆண்டுக்குள் ரிப்பேர் செய்தவர்களில் 58.8 சதவீதம் பேருக்குக் கசிவு திரும்பியது, மாற்றியவர்களில் 3.8 சதவீதம்தான். அம்மாவுடைய கசிவு அந்த வகையைச் சேர்ந்ததல்ல.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் திசு வால்வு கேளுங்கள். அது பசு அல்லது பன்றித் திசுவில் செய்தது. இளைஞர்களைவிட வயதானவர்களுக்கு மெதுவாகத்தான் தேயும். திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா நிறுவனத்தில் உருவாகி 1990-லிருந்து பொருத்தப்படும் சித்ரா வால்வு போன்ற மெக்கானிக்கல் வால்வுகள் நீண்ட காலம் உழைக்கும். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை அடிக்கடி. திருவொற்றியூரிலிருந்து என்னிடம் வரும் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர், பள்ளி நோட்டில் கோடு போட்டு ஐஎன்ஆர் எழுதி வைத்திருப்பார். கீரை அந்த மாத்திரையின் வேகத்தைக் குறைக்கும் என்பதால், முருங்கைக்கீரை சமைத்த நாள்கூட அதில் இருக்கும். அவ்வளவு கவனமானவரே, வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிட்டு, அது வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டிவிட, மூக்கிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்து சேர்ந்தார். 74 வயதில் அந்தச் சுமையை அம்மா மேல் ஏற்ற எனக்கு மனம் வராது.

அம்மாவின் மாத்திரை யோசனைக்கு வருகிறேன். நீர் மாத்திரை மூச்சு வாங்குவதைக் குறைக்கும். அறுந்த நாண் ஒட்டாது. ரிப்போர்ட்டில் பம்ப் அளவு (ஒவ்வொரு துடிப்பிலும் கீழறை வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 58 என்று இருப்பதைப் பார்த்து நிம்மதி அடைந்திருப்பீர்கள். வால்வு கசியும்போது ரத்தத்தில் ஒரு பங்கு பின்பக்கமாகச் சுலபமாகத் தப்பிவிடுவதால் அந்த எண் உண்மையைவிட நன்றாகத் தெரியும். இவ்வளவு கசிவில் 60-க்குக் கீழே வந்தாலே இதயத் தசை தளரத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மாதக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள்.

நுரையீரலோ சிறுநீரகமோ மோசமாக இருந்து ஆபரேஷன் தாங்காது என்றால், நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகப் போய் இரண்டு இதழ்களையும் சேர்த்துக் கிளிப் போடும் முறை இருக்கிறது. செலவு அதிகம், கசிவு முழுதாகவும் நிற்காது. அம்மா வீட்டுக்குள் தன் வேலையைத் தானே செய்துகொண்டு நடமாடுகிறார் என்றால் கிளிப் வரை போகத் தேவையிருக்காது.

சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: வருடத்துக்கு எத்தனை மைட்ரல் ரிப்பேர் செய்கிறீர்கள்? சரியாக அமையாவிட்டால் அதே மேஜையில் மாற்றிவிடுவீர்களா? இரண்டுக்கும் நேரடியாகப் பதில் சொல்பவரிடம் போங்கள். பணம் கவலை என்றால், ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஓமந்தூரார் மருத்துவமனையிலும் இதய அறுவை சிகிச்சைப் பிரிவு உண்டு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். ஆபரேஷனுக்கு முன் ஆஞ்சியோகிராமும் பல் பரிசோதனையும் அவசியம். சொத்தைப் பல்லில் இருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் போய் உட்காரும்.

அதற்கு முன்பே, இரவில் படுத்ததும் மூச்சு முட்டி எழுந்து உட்கார்கிறார் என்றால் காலை வரை பார்க்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.