முதல் வெளிநாட்டுப் பயணத்திலேயே கார் ஓட்டலாமா? பெங்களூரு வாசகர்களுக்குப் பதில்கள்

முதல் முறையாக வெளிநாடு போகிறோம், அங்கே நாமே காரை எடுத்துச் சுற்றலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் சுற்றலாம். ஆனால் ஒரு நாளில் ஓட்டும் தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களை டிக்கெட் போடும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.

ஐந்து நாள் விடுமுறை. கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு, கேமரன் மலை, மலாக்கா, அப்படியே சிங்கப்பூரும் காரிலேயே முடியுமா? (அல்சூர் வாசகர்)

முடியாது. மலாக்காவையும் சிங்கப்பூரையும் இப்போதே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். வாடகைக் காரோடு எல்லை தாண்ட நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அது சுலபத்தில் கிடைக்காது. சிங்கப்பூருக்குத் தனியாக விசாவும் எடுக்க வேண்டும். மலேசியாவுக்கு 2026 கடைசி வரை நமக்கு விசா தேவையில்லை. ஆனால் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும்.

முதல் நாள் காரைத் தொடவே வேண்டாம். இரவு விமானத்தில் கண் விழித்துப் போய் இறங்கி, தெரியாத ஊரில் ஸ்டியரிங்கைப் பிடிப்பது ஆபத்து. அன்றைக்கு ரயிலில் பத்துமலை போய் வந்து, ராத்திரி நன்றாகத் தூங்குங்கள். மறுநாள் காலையில் காரை எடுங்கள். அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். ஈப்போ 200 கி.மீ., அருமையான நெடுஞ்சாலை. கல்லுமலை முருகனைக் கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் பினாங்குக்கு இன்னும் 150 கி.மீ.தான். மொத்தம் பெங்களூரு–சென்னை தூரம். பயணத்திலேயே நீளமான ஓட்டம் அதுவாக இருக்கட்டும். பினாங்கில் இரண்டு இரவு தங்குங்கள். நான்காம் நாள் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலை ஏறி, ஐந்தாம் நாள் தாப்பா வழியாக இறங்குங்கள். தாப்பா பாதை குறுகலானது, வளைவுகள் அதிகம். ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டியவருக்குச் சிரமம் இருக்காது, பின்சீட்டில் இருப்பவருக்கு வாந்தி மாத்திரை தேவைப்படலாம். கடைசி நாள் விமானம் ராத்திரிதான் என்றால் மட்டுமே இந்தத் திட்டம் சரிவரும். சனி, ஞாயிறில் கேமரன் மலையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும், அதனால் வார நாளில் போங்கள்.

சுங்கச்சாவடியில் ரொக்கம் வாங்கமாட்டார்கள். 'டச் அண்ட் கோ' அட்டை காரில் இருக்கிறதா, அதில் பணம் இருக்கிறதா என்று சாவி வாங்கும்போதே கேளுங்கள்.

லைசென்ஸில் 'எஸ். கார்த்திக்', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக, கிரெடிட் கார்டில் வெறும் 'கார்த்திக்'. பிரச்சினை வருமா? (ஒயிட்ஃபீல்ட் வாசகர்)

வரும். இனிஷியல் போடும் நமக்குத்தான் இந்தச் சிக்கல் அதிகம். கார் தரும் கவுன்ட்டரில் பாஸ்போர்ட், லைசென்ஸ், கார்டு மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எஸ் என்பது அப்பாவின் பெயர் என்று அந்த நேரத்தில் விளக்கிப் பயனில்லை. முன்பணம் கட்டியிருந்தாலும் காரைத் தராமல் அனுப்பிவிடலாம். பாஸ்போர்ட் பெயரை அடிப்படையாக வைத்து, அரசின் லைசென்ஸ் இணையதளமான 'சாரதி'யில் லைசென்ஸைத் திருத்துங்கள். வங்கியில் சொல்லி கார்டையும் மாற்றுங்கள். லைசென்ஸில் ஊர் முகவரி இருந்தால் அதையும் சேர்த்தே மாற்றிவிடலாம்.

அதற்கு அப்புறம்தான் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஏனென்றால் லைசென்ஸில் உள்ள பெயர்தான் அதிலும் வரும். கட்டணம் 1,000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அது தனியாகச் செல்லாது, அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும். டெபாசிட்டுக்கு, ஓட்டுபவர் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டு வேண்டும். டெபிட் கார்டையும் ஃபாரெக்ஸ் கார்டையும் நம்பிப் போகாதீர்கள்.

அம்மா, ஐந்து வயது மகளோடு நியூசிலாந்து தெற்குத் தீவு. குவீன்ஸ்டவுனிலிருந்து மில்ஃபோர்டு சவுண்டுக்கு ஒரே நாளில் போய் வரலாமா? அம்மா பொடி, ஊறுகாய் எடுத்துவர ஆசைப்படுகிறார். (ஜெயநகர் வாசகி)

ஒரு வழிக்கே 290 கி.மீ., நாலு மணி நேரம். அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு வேண்டாம். முந்தின நாளே வழியில் உள்ள டே அனா ஊரில் தங்கி, காலையில் கிளம்புங்கள். அங்கிருந்து 120 கி.மீ.தான். டே அனாவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள், வழியில் பங்க் இல்லை. செல்போன் சிக்னலும் இருக்காது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குத் தீவில் ஒருவழிப் பாலங்கள் நிறைய. பாலத்துக்கு முன்னால் உள்ள பலகையில் ஒரு பெரிய அம்பும் ஒரு சின்னச் சிவப்பு அம்பும் எதிரெதிராக இருக்கும். சிவப்பு அம்பு நீங்கள் போகும் திசையைக் காட்டினால், நின்று எதிரே வருபவருக்கு வழி விட வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே நெட்டில் படமாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் உள்ள நம் லைசென்ஸே அங்கே செல்லும். ஏழு வயது ஆகாத குழந்தைக்குத் தனி இருக்கை சட்டப்படி கட்டாயம், கார் முன்பதிவிலேயே கேளுங்கள்.

பொடியும் ஊறுகாயும் இருந்தால் விமானத்தில் தரும் படிவத்திலோ ஆன்லைனிலோ மறைக்காமல் எழுதுங்கள். சொல்லாமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கறிவேப்பிலை, நெய், பால் இனிப்பு, விதைகள் வீட்டிலேயே இருக்கட்டும். அம்மாவிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் அவர் கண்முன்னே குப்பையில் போடுவதைவிட அது நல்லது.

நாலு நாள் சுவிட்சர்லாந்துக்குக் கார் எடுக்கட்டுமா? (எலக்ட்ரானிக் சிட்டி வாசகர்)

வேண்டாம். வலப்பக்க ஓட்டத்தை அங்கே போயா பழகுவது? ரயிலும் பஸ்ஸும் மலை உச்சி வரை போகின்றன.

வாடகையிலேயே இன்சூரன்ஸ் இருக்கிறது என்கிறார்கள். போதுமா? (மர்ஃபி டவுன் வாசகர்)

விபத்து நடந்தால் முதல் குறிப்பிட்ட தொகை உங்கள் தலையில்தான் விழும். அது எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குங்கள். டயர், கண்ணாடி, காரின் அடிப்பகுதி பெரும்பாலும் இதில் சேராது. சாவி கைக்கு வந்ததும் காரை ஒரு சுற்றுச் சுற்றி, நாலு சக்கரம், கண்ணாடி, பெட்ரோல் முள் எல்லாம் தெரிய வீடியோ எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை ஊழியரின் தாளில் குறிக்கச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் அதே மாதிரி ஒரு வீடியோ எடுத்து, டெபாசிட் திரும்பி வரும் வரை அழிக்காமல் வையுங்கள்.